ஓர் ஆண்டின் வெயிலைப் போர்வையாகப் பின்னுவது: சென்னைக்கான ஒரு திட்டம்

நாளுக்கு ஒரு வரிசை, அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற ஒரு நிறம், 365 நாளில் ஒரு போர்வை. வெப்பநிலைப் போர்வையின் அடிப்படை இவ்வளவுதான். குரோஷே எனும் கொக்கி முனை ஊசியைப் பிடிக்கவும் வரிசை முடிவில் நிறம் மாற்றவும் தெரிந்த எவரும் இதைச் செய்துவிட முடியும். போர்வை நன்றாக அமைவதும் வீணாவதும் பின்னும் திறமையைவிட, பின்னத் தொடங்குவதற்கு முன் தாளில் செய்யும் கணக்கையே பெரிதும் பொறுத்திருக்கின்றன. எந்த எண்ணை எடுப்பது, அதை எத்தனை நிறங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு நூல் வாங்குவது என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இந்தக் கலை பனி பெய்யும் நாடுகளில் வளர்ந்ததால், இணையத்தில் கிடைக்கும் நிற அட்டவணைகள் பெரும்பாலும் அந்த நாடுகளின் தட்பவெப்பத்துக்காகவே வரையப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துச் சென்னையில் பின்னினால் ஆண்டு முழுவதும் இரண்டு மூன்று நிறங்களே திரும்பத் திரும்ப வரும். பாரன்ஹீட்டில் 10 டிகிரிக்கு ஒரு நிறம் என்ற பரவலான அட்டவணையில், 80 முதல் 89 வரை ஒரு நிறமும் 90 முதல் 99 வரை இன்னொரு நிறமும் வரும். நம் செல்சியஸ் அளவில் இது ஏறத்தாழ 26.7 டிகிரியிலிருந்து 37.2 டிகிரி வரையிலான பரப்பு. சென்னையின் மார்கழியும் ஆடியும் பங்குனியும் சித்திரையின் பெரும்பகுதியும் இந்த இரண்டுக்குள்ளேயே அடங்கிவிடும். நம் ஊரில் பருவங்கள் இல்லை என்ற தவறான எண்ணத்தை அந்தப் போர்வை உண்டாக்கும். உண்மையில் நமக்குத் தெளிவான பருவங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளிதான் சிறியது. ஆகவே அளவுகோலையும் சிறிதாக வகுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் இருப்பவரும் தம் ஊருக்கென ஓர் அட்டவணையைத் தாமே வரைந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் மையக் கருத்து. சென்னையை எடுத்துக்காட்டாக வைத்து அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

எந்த எண்ணை எடுப்பது

கைபேசியில் தெரியும் வெப்பநிலை பல நேரங்களில் ஒரு கருவி அளந்த எண்ணாக இருப்பதில்லை. கணினி மாதிரி உங்கள் இடத்துக்கெனக் கணித்த மதிப்பாகவே அது இருக்கும். செயலிக்குச் செயலி அது மாறும், அதே செயலியிலும் பிறகு திருத்தப்படும். பதிவு என்ற பெயருக்குத் தகுந்த போர்வை வேண்டுமானால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஓர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். சென்னையில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு ஆய்வகங்களின் எண்கள் நாள்தோறும் வெளியாகின்றன. நுங்கம்பாக்கம் கடலுக்கு அருகில் இருக்கிறது; மீனம்பாக்கம் சற்று உள்ளே தள்ளியிருப்பதால் கோடையில் அங்கு வெயில் பெரும்பாலும் கூடுதலாகவே பதிவாகும். தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ இருப்பவருக்கு மீனம்பாக்கமும், மயிலாப்பூரில் இருப்பவருக்கு நுங்கம்பாக்கமும் பொருந்தும். இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாற்றி எடுப்பது மட்டும் கூடாது.

அடுத்து, அதிகபட்சமா, குறைந்தபட்சமா என்று முடிவு செய்ய வேண்டும். அன்றைய அதிகபட்ச வெப்பநிலையை மாலை 5.30 மணி அளவீட்டிலும், குறைந்தபட்சத்தைக் காலை 8.30 மணி அளவீட்டிலும் ஆய்வகம் எடுக்கிறது. நான் அதிகபட்சத்தையே பரிந்துரைப்பேன். சென்னையின் கோடையில் பகல் வெப்பத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கடற்காற்று உள்ளே நுழையும் நேரம்தான். முற்பகலிலேயே கடற்காற்று வந்துவிட்டால் அன்றைய வெயில் 36 அல்லது 37 டிகிரியோடு நின்றுவிடும். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுவாக இருந்து கடற்காற்றைப் பிற்பகல் வரை தடுத்துவிட்டால் 40ஐத் தாண்டும். அதனால் வைகாசி மாதத்து வரிசைகளில் ஆரஞ்சுக்கு அடுத்து அரக்கு, அதற்கு அடுத்து மீண்டும் மஞ்சள் என்று நிறங்கள் தாவித் தாவி வரும். நகரத்தின் இயல்பே அந்தத் தாவலில் பதிவாகிறது. குறைந்தபட்ச வெப்பநிலை அப்படித் தாவாது. தையில் 20, 21 டிகிரியை ஒட்டி இருப்பது ஆனியில் 28 டிகிரிக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் கரைந்து செல்லும் அமைதியான தோற்றத்தை விரும்புகிறவர்கள் குறைந்தபட்சத்தை எடுக்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பகலின் கடுமையும் இரவின் புழுக்கமும் அதில் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன.

ஒரு நாள் எண் வெளியாகாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த நாளுக்கு அட்டவணையில் இல்லாத வெள்ளை அல்லது சாம்பல் நூலில் ஒரு வரிசை பின்னுவது நேர்மையான வழி. முந்தைய நாளுக்கும் மறுநாளுக்கும் இடைப்பட்ட எண்ணை ஊகித்துப் போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

அளவுகோலை வரைவது

சென்ற ஆண்டின் 365 எண்களையும் ஒரு கணினி விரிதாளில் ஒரே நெடுவரிசையாக இடுங்கள். அதை வைத்து, அடுத்த ஆண்டின் போர்வையை நூல் இல்லாமலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம். எண்ணுக்கு ஏற்றபடி கட்டத்தின் நிறம் தானாக மாறும் வசதி எல்லா விரிதாள் மென்பொருள்களிலும் இருக்கிறது. நீங்கள் வகுத்த எல்லைகளை அதில் கொடுத்தால், போர்வை மேலிருந்து கீழாக எப்படித் தோன்றும் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எல்லைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு இதுவே சரியான நேரம், ஏனெனில் பின்னத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடக் கூடாது.

நுங்கம்பாக்கத்தில் அதிகபட்ச வெப்பநிலையின் மாதச் சராசரி டிசம்பரில் ஏறத்தாழ 29 டிகிரியாகவும், மே மாதத்தில் ஏறத்தாழ 37 டிகிரியாகவும் இருக்கும். இரண்டு முனைகளிலும் இதைத் தாண்டும் நாள்கள் உண்டு. புயல் மழை விடாது கொட்டும் நாளில் பகல் வெப்பம் 26 டிகிரியைக்கூட எட்டாது. மறுமுனையில், 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஆனால் அட்டவணையை 45 வரை நீட்ட வேண்டியதில்லை. கடைசி நிறத்தை மேல் எல்லை இல்லாமல் திறந்து விட்டால் போதும். ஒன்றரை டிகிரிக்கு ஒரு நிறமாக வகுத்தால் பன்னிரண்டு நிறங்கள் வருகின்றன. நான் வகுக்கும் அட்டவணை இது:

26.0க்குக் கீழ்: கருநீலம்
26.0 முதல் 27.4 வரை: நீலம்
27.5 முதல் 28.9 வரை: ஆகாய நீலம்
29.0 முதல் 30.4 வரை: மயில் பச்சை
30.5 முதல் 31.9 வரை: இலைப் பச்சை
32.0 முதல் 33.4 வரை: கிளிப் பச்சை
33.5 முதல் 34.9 வரை: எலுமிச்சை மஞ்சள்
35.0 முதல் 36.4 வரை: மாம்பழ மஞ்சள்
36.5 முதல் 37.9 வரை: ஆரஞ்சு
38.0 முதல் 39.4 வரை: செங்கல் சிவப்பு
39.5 முதல் 40.9 வரை: குங்குமச் சிவப்பு
41.0 முதல் மேலே: அரக்கு

ஆய்வகம் ஒரு தசம இலக்கம் வரை எண்ணைத் தருவதால் எல்லைகளையும் அதே நுட்பத்தில் எழுதியிருக்கிறேன். 30 முதல் 32 வரை ஒரு நிறம், 32 முதல் 34 வரை இன்னொரு நிறம் என்று எழுதி வைத்தால், சரியாக 32.0 வரும் நாளில் எதை எடுப்பது என்ற குழப்பம் வரும். அன்றைய மனநிலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் பதிவு பதிவாக இராது.

எல்லா நிறங்களும் ஏறத்தாழச் சமமான நாள்களுக்கு வரும்படி எல்லைகளை வகுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 365 எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி, முப்பது முப்பதாக வெட்டினால் அப்படிச் செய்துவிட முடியும். நூல் வாங்குவதும் எளிது, போர்வையும் வண்ணமயமாக இருக்கும். ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் உள்ள நிறங்கள் அரை டிகிரிக்கே மாறிவிட, உச்சியில் 38.5 டிகிரி நாளும் 42 டிகிரி நாளும் ஒரே சிவப்பில் அடங்கிவிடும். கத்திரி வெயிலில் வாழ்ந்தவர் எவரும் அந்த இரண்டு நாள்களையும் ஒன்றாகக் கருத மாட்டார். படிகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதே நல்லது. அரக்கு நிறம் ஆண்டுக்கு நான்கைந்து வரிசைகள் மட்டுமே வந்தாலும், அந்த நான்கைந்து வரிசைகளும் உண்மையைச் சொல்லும்.

இதே முறையைப் பிற ஊர்களுக்கும் கொண்டுசெல்லலாம். ஊட்டியில் பகல் அதிகபட்சம் பெரும்பாலான நாள்களில் 15க்கும் 25க்கும் இடையே நிற்பதால், அங்கு ஒரு டிகிரிக்கு ஒரு நிறம் வைக்கலாம். கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30, 31 டிகிரியையே சுற்றிவரும். அங்கு வெப்பநிலையை விட்டுவிட்டு மழையளவைப் பின்னுவதுதான் பொருத்தம். டொராண்டோவில் இருக்கும் மகளும் சென்னையில் இருக்கும் தாயும் ஆளுக்கொரு போர்வை பின்ன நினைத்தால், இருவருக்கும் பொதுவாகச் சுழியத்துக்குக் கீழே 20 முதல் மேலே 40 வரை செல்லும் ஒரே அட்டவணை வேண்டும். அந்த அளவுகோலில் சென்னைப் போர்வை மூன்று நான்கு நிறங்களோடு நின்றுவிடும். ஒப்பிடுவது நோக்கம் என்றால் அதுவும் சரியே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017இல் தொடங்கிய டெம்பஸ்ட்ரி திட்டம் இதையே செய்கிறது: பங்கேற்கும் எல்லோரும் 5 டிகிரி பாரன்ஹீட்டுக்கு ஒரு நிறம் என்ற ஒரே அட்டவணையில், தத்தம் ஊரின் ஓர் ஆண்டைப் பின்னுகிறார்கள். அப்போது பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இருந்த காலநிலை அறிவியலாளர் எல்லி ஹைவுட், ஆண்டுக்கு ஒரு வரிசை என்று உலகச் சராசரி வெப்பநிலையைப் போர்வையாகப் பின்னியதும் 2017இல்தான். அதே பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்டு உலகெங்கும் பரவிய நீல-சிவப்புக் கோட்டுப் படத்துக்கு அந்தப் போர்வையும் ஒரு தூண்டுதல்.

நிறங்களைத் தேர்ந்தெடுப்பது

குளிருக்கு நீலம், வெயிலுக்குச் சிவப்பு என்பது கட்டாயமில்லை என்றாலும், பார்ப்பவருக்கு விளக்கம் சொல்லாமலே புரிவதால் அதைப் பின்பற்றுவது நல்லது. அதைவிட முக்கியமானது, அடுத்தடுத்த இரண்டு நிறங்கள் தெளிவாக வேறுபட வேண்டும் என்பது. கடை விளக்கில் வேறுபட்டுத் தெரியும் மயில் பச்சையும் இலைப் பச்சையும் வீட்டுக்குள் மாலை நேரத்தில் ஒன்றாகத் தெரியக்கூடும். நூல் உருண்டைகளை வரிசையாக அடுக்கிப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். பிறகு அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஒன்றை வெளிறியதாகவோ அடர்த்தியானதாகவோ மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நாள்கள் விழும் நடு நிறங்களில் இந்தச் சோதனை மிகவும் அவசியம். சென்னைக்கு அவை பச்சையிலிருந்து மஞ்சள் வரையிலான நான்கைந்து நிறங்கள். ஆண்டின் பாதிக்கு மேல் அவற்றில்தான் கழியப் போகிறது என்பதால், உங்களுக்குப் பிடிக்காத பச்சையை அங்கு வைக்காதீர்கள்.

நூலும் அளவும்

கம்பளி நூல் என்று கடைகளில் கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் நூல்தான். வர்தமான், கங்கா போன்ற நிறுவனங்களின் நூலில் நிறங்கள் ஏராளம், விலையும் குறைவு, சாயமும் எளிதில் போகாது. ஆனால் சென்னையில் அதைப் போர்த்திக்கொள்ளும் நாள்கள் மார்கழியிலும் தையிலும்தான் வரும். பருத்தி நூல் உடலுக்கு இதமானது. எடை கூடுதல், நிறத் தேர்வு குறைவு. அடர் சிவப்பும் அரக்கும் கருநீலமும் துவைக்கும்போது சாயம் விடுகின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நூலை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, சோப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் தெரிந்துவிடும். எந்த நூலாக இருந்தாலும், பன்னிரண்டு நிறங்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக, ஒரே தடிமனில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வரிசைகளின் உயரம் மாறி, ஓரங்கள் வளைந்துபோகும்.

இப்போது ஒரு மாதிரித் துண்டு பின்னியாக வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் கடைசியில் நான்கு மீட்டர் நீளப் போர்வையோடு நிற்கிறார்கள். 365 வரிசை என்பது மிகப் பெரிய எண். வரிசையின் உயரத்தில் அரை சென்டிமீட்டர் கூடினால் போர்வையின் நீளத்தில் 180 சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். அதனால் உயரமான டபுள் குரோஷே தையல் இதற்கு ஒத்துவராது. குட்டையான சிங்கிள் குரோஷேயே ஏற்றது. அமெரிக்க முறையில் சிங்கிள் எனப்படுவதைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்று அழைப்பார்கள். நீங்கள் பின்பற்றும் காணொளி எந்த முறையில் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுத்தரத் தடிமன் நூலிலும் 4 மி.மீ. ஊசியிலும் இருபது தையல், இருபது வரிசை கொண்ட ஒரு சதுரத்தைப் பின்னி, துவைத்து, உலர்த்தி, பிறகு அளந்து பாருங்கள். எடுத்துக்காட்டாக இருபது வரிசையின் உயரம் 11 செ.மீ. என்றால், ஒரு வரிசை 0.55 செ.மீ.; 365 வரிசைக்கு ஏறத்தாழ 201 செ.மீ. இருபது தையலின் அகலம் 14 செ.மீ. என்றால், ஒரு தையல் 0.7 செ.மீ.; 150 செ.மீ. அகலத்துக்கு 214 தையல்கள். ஒருவர் படுக்கும் கட்டிலுக்குச் சரியான அளவு இது. நீளம் அதிகமாக வந்தால், மெல்லிய நூலுக்கோ சிறிய ஊசிக்கோ மாறுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், இரண்டு நாளுக்கு ஒரு வரிசை, அல்லது வாரத்தின் மிக வெப்பமான நாளுக்கு இரண்டு வரிசை என்று திட்டத்தையே சுருக்கிக்கொள்ளலாம்; சுவரில் தொங்கவிடும் ஒரு பட்டைக்கு அது போதும்.

நூல் எவ்வளவு தேவைப்படும் என்பதையும் அதே மாதிரியிலிருந்து கணக்கிடலாம். உருண்டையிலிருந்து 5 மீட்டர் நூலை அளந்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் செய்துகொண்டு, முடிச்சு வரும் வரை பின்னி, எத்தனை தையல் வந்தது என்று எண்ணுங்கள். 143 தையல் வந்தால் ஒரு தையலுக்கு 3.5 செ.மீ. நூல் செலவாகிறது; 214 தையல் கொண்ட ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 7.5 மீட்டர். முழுப் போர்வைக்கும் ஏறத்தாழ 2,740 மீட்டர். 100 கிராமுக்கு 250 மீட்டர் வரும் அக்ரிலிக் நூலானால் மொத்தம் 1,100 கிராம். 100 கிராமுக்கு 200 மீட்டரே வரும் பருத்தியானால் 1,400 கிராமைத் தொடும்.

இதை நிறவாரியாகப் பிரிக்கச் சென்ற ஆண்டின் ஒத்திகை உதவும். எலுமிச்சை மஞ்சளில் 70 நாள்கள் வந்திருந்தன என்று கொள்வோம். 70ஐ 7.5ஆல் பெருக்கினால் 525 மீட்டர், அதாவது 210 கிராம். அதன் மேல் கால் பங்கு கூட்டினால் 260 கிராமை ஒட்டி வரும். ஆகவே 100 கிராம் உருண்டைகள் மூன்று. அதிகம் வரும் நிறங்களை ஒரே நேரத்தில், ஒரே சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) கொண்ட உருண்டைகளாகப் பார்த்து வாங்குவது மிக முக்கியம். எட்டு மாதம் கழித்து அதே நிறத்தைத் தேடிப்போனால், பெயர் ஒன்றாக இருந்தாலும் சாயம் சற்று மாறியிருக்கும். நுட்பமான அளவுகோலில் அந்தச் சிறு மாற்றமே வேறொரு வெப்பநிலையைப் போலத் தோன்றிவிடும். சென்ற ஆண்டில் இரண்டே நாள் வந்த அரக்கு நிறத்திலும் ஒரு முழு உருண்டை வாங்கி வையுங்கள். அடுத்த கோடை எப்படி இருக்கும் என்பதைச் சென்ற கோடை சொல்லிவிடாது. மீதமாகும் நூல் ஓரம் கட்ட உதவும்.

மழையைச் சேர்ப்பது

சென்னையின் ஆண்டை வெப்பநிலையை மட்டும் வைத்துச் சொன்னால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. 2015ஆம் ஆண்டைப் பின்னும் ஒருவர் டிசம்பர் முதல் நாளை வெறும் நீல வரிசையாகக் கடந்து செல்ல நேர்ந்தால், அந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு மனம் ஒப்பாது. எனவே மழைக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறத்தைத் தொடாமல் தையலில் அடையாளம் வைப்பதே சிறந்த வழி: மழை நாளின் வரிசையை, தையலின் மேல் தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் கொக்கியை விட்டுப் பின்னினால், அந்த வரிசையின் கீழே மெல்லிய கோடு ஒன்று எழும். மெல்லிய வெள்ளி இழையைச் சேர்த்துப் பின்னுவது இன்னொரு வழி. அது பார்வைக்கு அழகு, தோலில் சற்று உறுத்தும்.

எதை மழை நாள் என்று கொள்வது என்பதற்கு வானிலைத் துறையின் வரையறையையே எடுத்துக்கொள்ளலாம்: 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழை நாள். அந்த 24 மணி நேரம் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுகிறது. ஆகவே இன்று காலை வெளியாகும் மழையளவில் பெரும்பகுதி நேற்றுப் பெய்ததாகவே இருக்கும். அதை நேற்றைய வரிசையில் காட்டுவதா, இன்றைய வரிசையில் காட்டுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். மழை பெய்த பகலின் நிறமும் மழை அடையாளமும் ஒரே வரிசையில் சேர வேண்டும் என்பதால், நேற்றைய வரிசையில் காட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வடிவம், தொடக்க நாள்

வரிசை வரிசையாகப் பின்னுவதைத் தவிர, நாளுக்கு ஒரு சிறு சதுரம் பின்னி இணைப்பதும் நல்ல வடிவம். 15 சதுரம் அகலமும் 25 சதுரம் நீளமுமாக வைத்தால் 375 சதுரங்கள் வரும்; ஒவ்வொன்றும் 8 செ.மீ. என்றால் போர்வை 120 செ.மீ. அகலமும் 200 செ.மீ. நீளமும் இருக்கும். 365 போக மீதமுள்ள பத்துச் சதுரங்களில் நிற விளக்கத்தை வைக்கலாம். சதுரத்துக்கு ஒன்றோ இரண்டோ நிறம் என்று அடக்கிவிட முடியும். சதுரத்தில் இன்னொரு வசதியும் உண்டு: நடு வட்டத்தை அன்றைய குறைந்தபட்சத்துக்கும், சுற்றுப் பகுதியை அதிகபட்சத்துக்கும் கொடுக்கலாம். அப்போது அளவுகோல் 18 டிகிரியிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால், படியை இரண்டு டிகிரியாக்கிப் பதின்மூன்று, பதினான்கு நிறங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணைக்கும் வேலை மிக அதிகம் என்பதை மட்டும் நினைவில் வைத்து இறங்க வேண்டும்.

ஜனவரி முதல் நாள்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சித்திரை முதல் நாளில் தொடங்கினால் போர்வை ஆரஞ்சிலும் சிவப்பிலும் ஆரம்பித்து, ஆடி ஆவணியில் மஞ்சளாகி, ஐப்பசி கார்த்திகை மழையில் நீலத்தில் இறங்கி, பங்குனியில் மீண்டும் சூடேறி முடியும். நம் பருவ ஓட்டத்தோடு இது மிக இயல்பாகப் பொருந்துகிறது. பிறந்த குழந்தைக்குப் பரிசாகப் பின்னுகிறவர்கள், பிறந்த நாளிலிருந்து முதல் பிறந்த நாளுக்கு முந்தைய நாள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

மாதங்களைப் பிரிக்க நடுவே வெள்ளை வரிசை இடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. வெயில் மாதக் கணக்குப் பார்த்து ஏறுவதில்லை, கோடு விழுந்ததும் ஓட்டம் அறுந்துவிடுகிறது. மாதம் தொடங்கும் வரிசையின் ஓரத்தில் ஒரு சிறு நூல் முடிச்சு போதும்.

பின்னும்போது

முதல் வரிசைக்கு அடித்தளமாகும் தொடக்கச் சங்கிலியை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியில் போடுங்கள். அது இறுகினால் போர்வையின் அடிப்பாகம் சுருங்கிவிடும். பத்து வரிசைக்கு ஒருமுறை தையல்களை எண்ணி 214 இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் வரிசைக்கு ஒரு தையல் விட்டுப்போனாலே ஆவணி வருவதற்குள் போர்வை முக்கோணமாகத் தொடங்கிவிடும்.

நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நூல் முனைகள் மிஞ்சும். ஆண்டு முழுவதற்கும் எழுநூறு வரை சேரலாம். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பலர் அந்த இடத்திலேயே போர்வையைக் கைவிட்டுவிடுகிறார்கள். 15 செ.மீ. முனை விட்டு, அடுத்த வரிசையைப் பின்னும்போதே அதைத் தையல்களுக்குள் வைத்து மூடிக்கொண்டு செல்லுங்கள். இரு ஓரங்களிலும் குஞ்சம் வேண்டுமானால் முனைகளை அப்படியே தொங்கவிட்டு, நான்கைந்தாகச் சேர்த்து முடியலாம். அதற்கு ஒவ்வொரு வரிசையிலும் இரு பக்கமும் நூலை வெட்ட வேண்டும்.

எண்களை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, அதிகபட்சம், நிறம், மழை. பின்னுவதை வாரம் ஒருமுறை வைத்துக்கொண்டாலும் குறையில்லை. 214 தையல் கொண்ட வரிசைக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும் என்பதால், ஞாயிறு ஒன்றில் மூன்று மூன்றரை மணி நேரத்தில் ஏழு வரிசைகளையும் முடித்துவிடலாம். நோட்டு ஒழுங்காக இருக்கும் வரை, இரண்டு வாரம் பின்னாமல் இருந்தாலும் எதுவும் கெடுவதில்லை. ஆனால் வைகாசி வெயிலில் ஒரு கிலோ போர்வையை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார முடியாது. அதனால் நம் ஊரில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு தனிப் பட்டைகளாகப் பின்னி, கடைசியில் இணைப்பதை நான் பரிந்துரைக்கிறேன். முப்பது வரிசைப் பட்டை 16.5 செ.மீ. உயரமே இருக்கும், கைப்பையில் வைத்துப் பேருந்திலும் பின்னலாம். ஒவ்வொரு பட்டையும் அதே 214 தையல், அதே ஊசி, அதே இறுக்கத்தில் இருக்க வேண்டும். இணைப்பதற்கு முந்தைய பட்டையின் கடைசி நிறத்தையே பயன்படுத்தினால் தையல் வெளியே தெரியாது.

ஓரத்துக்கு மூன்று சுற்றுச் சிங்கிள் குரோஷே போதும். அதற்கு அட்டவணையில் இல்லாத ஒரு நிறத்தை, வெள்ளையையோ சந்தன நிறத்தையோ எடுத்துக்கொண்டால், யாரும் ஓரத்தையும் வெப்பநிலையாக எண்ணிவிட மாட்டார்கள்; விடுபட்ட நாள்களுக்கு வெள்ளையைப் பயன்படுத்தியிருந்தால் சந்தன நிறத்தையே எடுங்கள். பின்புறம் ஒரு மூலையில் பருத்தித் துணித் துண்டு ஒன்றைத் தைத்து, அதில் ஆய்வகத்தின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், அதிகபட்சமா குறைந்தபட்சமா என்ற விவரம், மழைக் குறியீட்டின் பொருள், பன்னிரண்டு நிறங்களின் எல்லைகள் ஆகியவற்றைத் துவைத்தாலும் அழியாத மையால் எழுதுங்கள். எழுத்தின் பக்கத்திலேயே ஒவ்வொரு நிற நூலிலும் நான்கு தையல் போட்டு வையுங்கள். ஆண்டுகள் கழித்து நிறங்கள் சற்று வெளிறினாலும், அந்தத் தையல்களும் உடன் வெளிறும் என்பதால் ஒப்பிட்டுப் படித்துக்கொள்ள முடியும்.